பாடங்களுக்குத் தொட்டில் கட்டிய பள்ளிக்கூடம்

அழைப்பிதழின் நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவியிருந்தது. கல்யாணப் பத்திரிகை என்று நினைத்த முகமது பாரூக், எத்தனை பேருக்குப் பிரியாணி என்று கேட்பதற்காக முதலில் போன் நம்பரைத்தான் தேடினார். நடுவில் இருந்ததைப் பிறகுதான் படித்தார். நிகழும் ஆனி மாதம் நல்லதொரு முகூர்த்தத்தில் கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் ஆகிய எங்கள் செல்வங்களுக்குப் பெயர் சூட்டு விழா நடைபெற இருப்பதால், பெற்றோர்கள் சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து பாடங்களை வாழ்த்த வேண்டுமாம். இப்படிக்கு, தங்கள் நல்வரவை விரும்பும் லூமினா ராக் குளோபல் அகாடமி, வேடசந்தூர் ரோடு.

மகள் ஃபாயிஸா படிக்கும் பள்ளிக்கூடம் அது. அழைப்பிதழைக் கல்லாப்பெட்டிக்கு அடியில் செருகிவிட்டு பாரூக் அடுப்பைப் பார்க்கப் போனார். போனவருக்கு அங்கே என்ன செய்ய வந்தோம் என்று மறந்துவிட்டது. இந்தக் கூத்துக்கு விதை போட்டவர் அவர்தான். பள்ளித் தாளாளரைத் தவிர அது தெரிந்த இன்னொரு ஆள் இப்போது உயிரோடு இல்லை.

பள்ளியின் தாளாளர் சோலைமுத்து, முன்பு வேடசந்தூர்ப் பக்கத்து மில்களில் கழிவுப் பஞ்சு எடுத்து விற்றுக்கொண்டிருந்தவர். இப்போது பெயருக்கு முன்னால் டாக்டர் இருந்தது. எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டால் "வெளிநாடு" என்பார். எந்த நாடு என்று கேட்கிற அளவுக்கு யாருக்கும் அவரோடு நெருக்கம் இல்லை. பேகம்பூரில் பாரூக்கின் பிரியாணிக் கடைக்கு வாரம் தவறாமல் வருவார். பிப்ரவரியில் ஒருநாள் வந்தபோது முகம் வாடியிருந்தது.

"எல்லா ஸ்கூல்லயும் கணக்கு இருக்கு பாய். எங்கிட்டயும் அதே கணக்குதான் இருக்கு. அப்பறம் எவன் எங்கிட்ட வருவான்?" என்றார்.

பாரூக் அன்று நல்ல உற்சாகத்தில் இருந்தார். "என்ன சார், இம்புட்டுப் படிச்சவுக நீங்க. அரிசியும் ஆட்டுக்கறியும் பேகம்பூர் பூராம் ஒண்ணுதான். 'கறிச்சோறு'ன்னு போர்டு வெச்சிருந்தேன்னா இந்நேரம் ஈ ஓட்டிக்கிட்டு இருப்பேன். 'பாரூக் பாய் ஷாஹி தம்'னு வெச்சேன், வரிசையில நிக்கிறாங்கல்ல? பேர் வைங்க சார். வேற எவன்கிட்டயும் இல்லாத பேரா வைங்க."

சோலைமுத்து கையிலிருந்த எலும்பைக் கீழே வைத்தார். கறி ஒட்டியிருந்த எலும்பை அவர் கீழே வைத்து அதுவரை யாரும் பார்த்ததில்லை.

பார்சல் கட்டும் இடத்தில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த கமர்ஜஹான், அவர் காரேறிப் போன பிறகு புருஷனிடம் கேட்டாள். "ஏங்க, சோத்துக்கு என்ன பேர் வெச்சாலும் தின்னவன் வயிறு நெறையும். பாடத்துக்குப் பேர் வெச்சா புள்ளைக்கு என்ன நெறையும்?"

"அட, சும்மா பேச்சுக்குச் சொன்னேன். அந்தாளு அதைப் போய்ச் செய்யவா போறாரு?"

அடுத்த மாதம் கமர்ஜஹானுக்கு மஞ்சள் காமாலை வந்தது. மகளுக்குப் பெருநாள் துணியெடுத்து, கை நீளத்தைக் குறைக்கத் தையல்காரரிடம் கொடுத்திருந்தாள். தையல்காரர் துணியைத் திருப்பிக் கொடுத்தபோது வாங்க அவள் இல்லை.

ஜூனில் பள்ளி திறந்த அன்று பாரூக் முதன்முதலாக மகளைக் கொண்டுபோய் விட்டார். அதுவரை எல்லாவற்றுக்கும் அவள்தான் போவாள். வாசலில் வாட்ச்மேன் மூக்கையா, "எந்த கிளாஸ் பாய்?" என்று கேட்டார்.

"அஞ்சு" என்றார் பாரூக்.

"ஆறு, அத்தா" என்றாள் ஃபாயிஸா, தரையைப் பார்த்துக்கொண்டு.

அந்தப் பள்ளியில் இடம் வாங்குவதற்காக விடியற்காலை சுபுஹுத் தொழுகை முடித்த கையோடு போய் வரிசையில் நின்றவள் கமர்ஜஹான். அன்று பாரூக் கூடப் போகவில்லை, எரியோட்டில் ஒரு கல்யாண ஆர்டர். அதனால் அந்த இடம் போய்விடாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் அவளுக்குத் தான் செய்யக்கூடியது என்று அவர் நினைத்துக்கொண்டார். பெயர் சூட்டு விழாவுக்கும் இஸ்திரி போட்ட சட்டையில் போய் முன்வரிசையில் உட்கார்ந்தார்.

மேடையில் மூன்று தொட்டில்கள் தொங்கின. பூச்சரம் சுற்றி, உள்ளே பட்டுத்துணி விரித்து, தொட்டிலுக்கு ஒரு பாடப்புத்தகமாகக் கிடத்தியிருந்தார்கள். வாசலில் மொய் மேசையும் இருந்தது. நான்காம் வகுப்புப் பெண் குழந்தைகள் அறிவியலைத் தாலாட்டினார்கள். சமூக அறிவியல் கொஞ்சம் கனம் என்பதால் அதன் தொட்டிலுக்கு மட்டும் இரட்டைக் கயிறு.

சோலைமுத்து மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! தமிழ், ஆங்கிலம் இவை இரண்டும் சிறப்புப்பெயர்கள். பிறக்கும்போதே பெயரோடு பிறந்தவை. ஆனால் கணக்கு? அறிவியல்? பொதுப்பெயர்கள்! எவன் வேண்டுமானாலும் கூப்பிடலாம். பைசா வாங்காத பள்ளிக்கூடத்தில்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஒரே கூரைக்குக் கீழே ஒரு பாடத்துக்குச் சிறப்பு, இன்னொரு பாடத்துக்குப் பொது என்றால் இது என்ன நீதி? பொதுவாகக் கிடப்பதை எடுத்துத் தனியாக்குவதுதான் கல்வி. பொதுவாகவே கிடந்தால் அதை யார் மதிப்பார்கள்? யார் கொடுப்பார்கள்? சிறுமலை உச்சியில் மூன்று நாள் தியானத்தில் இருந்தபோது எனக்கு இது உதித்தது."

கைதட்டல் அடங்க வெகுநேரமானது. தியானம் என்றதும் பாரூக்குக்கு மூச்சு வந்தது. தப்பித்தோம் என்று நினைத்தார். நினைத்த மாத்திரத்தில் பக்கத்து நாற்காலி காலியாக இருப்பதும் கண்ணில் பட்டது.

பெயரைப் புத்தகத்தின் காதில் மூன்று முறை சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. புத்தகத்துக்குக் காது எது என்பதில் மேடையிலேயே கருத்து வேறுபாடு வந்தது. முன்னட்டையின் மேல்மூலை என்றார் முதல்வர் தேவதர்ஷினி. பின்னட்டையை விட்டால் இன்னொரு காது கோபித்துக்கொள்ளும் என்றார் புரோகிதர். கடைசியில் இரண்டு மூலைகளிலும் சொல்லப்பட்டது. கணக்கு அன்றிலிருந்து 'ஆல்ஃபா நியூமெரான்' ஆனது. அறிவியல் 'காஸ்மோவிஸ்டா.' சமூக அறிவியல் 'டெரா மக்னா.' எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள்.

விழாவோடு முடிந்திருந்தால் பாரூக்கும் பொங்கலோடு அதை விழுங்கியிருப்பார்.

மறுநாளே சட்டம் வந்தது. வளாகத்துக்குள் எந்தப் பாடத்தையும் பழைய பொதுப்பெயரால் அழைக்கக் கூடாது. மூன்று முறை அழைத்துவிட்ட மாணவர், பஸ் நிறுத்துகிற கொட்டகைக்குப் பின்னால் உள்ள ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டில் இயங்கும் 'பொதுப் பிரிவு'க்கு மாற்றப்படுவார். காதைத் தீட்டிக்கொண்டு திரிவதற்காக வகுப்புக்கு இரண்டு பிள்ளைகளுக்குப் பித்தளை பேட்ஜ் குத்திவிட்டார்கள்.

ஷெட்டுக்கு முதலில் போனது மாணவர் இல்லை, வாத்தியார். ஐந்தாம், ஆறாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுத்த சகாயராஜ் சார் பதினெட்டு வருட வாய்ப்பழக்கத்தில் மூன்று நாளும் "கணக்கு நோட்டை எடுங்கப்பா" என்றுவிட்டார். நான்காம் நாள் சாக்பீஸ் டப்பாவோடு அவரை அங்கே அனுப்பினார்கள். அவர் இடத்துக்கு வந்த புதிய மிஸ், பீரியடின் முதல் பாதியில் ஆல்ஃபா நியூமெரான் என்ற பெயரின் பெருமையை விளக்கினார். மறுபாதியில் பிள்ளைகள் அதைச் சேர்ந்து சொன்னார்கள். பின்னம் நடத்த நேரம் இருக்கவில்லை. பின்னத்துக்கு இன்னும் பெயரும் வைத்திருக்கவில்லை.

பெயர் பரவியது. சாம்பாருக்கு ஒரு பெயர், பஸ்ஸுக்கு ஒரு பெயர், வேப்பமரத்துக்கு ஒரு பெயர் பலகை. கழிப்பறைக்கு 'ஃப்ரெஷ்வேல்' என்று வைத்தார்கள். ஒருநாள் மாலை பாரூக் வாசலில் காத்திருந்தபோது எல்கேஜி பையன் ஒருவனை அவன் அம்மா தூக்கிக்கொண்டு வந்தாள். டவுசர் நனைந்திருந்தது. தேம்பிக்கொண்டிருந்தான்.

"என்னம்மா ஆச்சு?" என்றார் மூக்கையா.

"பாத்ரூம் போகணும்னு கேட்ருக்கான். அதோட பேரைச் சொல்லு, அப்பத்தான் விடுவேன்னுருக்காங்க. நாலு வயசுப் புள்ளைக்கு அது வாயில நொழையுமா? எந்தப் பாவி கெளப்பி விட்டானோ இந்தப் பேர் வைக்கிற பைத்தியத்த, அவன் நல்லாருப்பானா?"

பாரூக் பைக்கின் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தது.

இப்படிச் சுவருக்கும் மரத்துக்கும் பெயர் வந்த வேகத்தில் மனிதர்களுக்கு இருந்த பெயர்கள் போய்க்கொண்டிருந்தன. மூக்கையா 'கேட் எக்ஸிக்யூட்டிவ்' ஆனார். பிள்ளைகள் எண்களானார்கள். பாரூக்குக்குப் பள்ளியிலிருந்து வரும் போன், "சிக்ஸ் பி பதினாலோட பேரண்டா?" என்றுதான் தொடங்கும். அப்படி ஒரு போனில்தான் பெற்றோருக்கான நேர்காணல் பற்றிச் சொன்னார்கள். பாடங்களின் பெயரைப் பெற்றோர் மேடையில் நின்று சொல்ல வேண்டும். தவறினால் அது பிள்ளையின் தவறாக எழுதப்படும். பெற்றோர் வாயும் பிள்ளை வாயும் சட்டப்படி ஒரே வாய்.

"உங்க டாட்டர் பேர்ல ஏற்கெனவே ரெண்டு இருக்கு சார். பொதுப்பெயர் யூஸ் பண்ணிருக்காங்க. இன்னும் ஒண்ணுன்னா பொதுப் பிரிவுதான்" என்றது போன். பிறகு, "மதர் வருவாங்களா, நீங்க வருவீங்களா?" என்று கேட்டது. பாரூக் பதில் சொல்வதற்குள் அதுவே, "ஓ, இங்க 'மதர், லேட்'னு இருக்கு. அப்ப நீங்களே வந்துருங்க" என்றது.

பாரூக் மனப்பாடம் செய்தார். அடுப்படியில் அரிசி வேகும்போது செய்தார். பள்ளிவாசலுக்கு நடந்து போகும்போது செய்தார். சமையல் மாஸ்டரிடம் "இன்னும் ரெண்டு கிலோ டெரா மக்னா போடு" என்றுவிட்டார். "பாய்க்கு என்னமோ ஆயிருச்சு" என்று கடையில் பேசிக்கொண்டார்கள். தாயில்லாப் பிள்ளையின் இடத்தைத் தான் ஒரு வார்த்தை தடுமாறியதால் பறிகொடுத்ததாக யாரும் சொல்லிவிடக் கூடாது. அந்த வார்த்தைகளே தன் வாயிலிருந்து கிளம்பியவைதான் என்பது நினைவு வரும்போதெல்லாம் அவருக்கு முதல் பெயரும் மறந்துபோகும்.

நேர்காணல் அன்று ஃபாயிஸாவை மேடையின் ஓரத்தில் ஒரு முக்காலியில் உட்கார வைத்தார்கள். சோலைமுத்துவும் தேவதர்ஷினியும் நடுவில். கூடம் நிறையப் பெற்றோர்கள், எல்லோர் உதடும் அசைந்துகொண்டிருந்தது.

பாரூக் மூன்று பெயரையும் தவறின்றிச் சொன்னார். சாம்பாரின் பெயரைச் சொன்னார். வேப்பமரத்தின் பெயரில் ஒரு கணம் நின்று, அதையும் சொன்னார். கூடம் கைதட்டியது.

"வெரிகுட். கடைசிக் கேள்வி சார், ஈஸிதான்" என்றார் தேவதர்ஷினி. "உங்க டாட்டருக்கு ரொம்பப் பிடிச்ச பாடம் எது? அதன் பெயரைச் சொல்லுங்க."

பாரூக் வாயைத் திறந்தார். வாயில் எல்லாப் பெயர்களும் இருந்தன. எது அவளுடையது என்பதுதான் தெரியவில்லை. புதிய பெயரிலும் தெரியவில்லை, பழைய பெயரிலும் தெரியவில்லை. பதினொரு வருடத்தில் ஒருநாள்கூட அவர் அதைக் கேட்டதில்லை. மைக் மட்டும் உய்யென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

மேடையில் குனிந்து பேசிக்கொண்டார்கள். சட்டத்தை எடுத்துப் புரட்டினார்கள். பிறகு சோலைமுத்து எழுந்தார்.

"பொதுப்பெயரைச் சொன்னால் தண்டனை என்றுதான் இருக்கிறது. ஒன்றும் சொல்லாமல் நின்றால் தண்டனை என்று எங்கேயும் இல்லை. தெரியாததைத் தெரியாது என்றுகூடச் சொல்லாமல் நின்றாரே, இந்தக் கட்டுப்பாட்டைத்தான் நாம் பிள்ளைகளிடமும் எதிர்பார்க்கிறோம். ஒரு நல்ல பெற்றோருக்குத் தன் பிள்ளையைப் பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. அதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம். சிக்ஸ் பி பதினாலு, பாஸ்!"

மறுபடியும் கைதட்டினார்கள். பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். ஃபாயிஸா தட்டவில்லை. முக்காலியில் காலைத் தொங்கப்போட்டு, வாசலில் அன்று தரையைப் பார்த்த மாதிரியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாரூக் அவளிடம் போய்க் குனிந்தார். "என்ன பாடம்மா உனக்குப் புடிக்கும்?"

அவள் இரண்டு கையாலும் அவர் காதைப் பிடித்துக்கொண்டாள். "கணக்கு அத்தா. சகாயராஜ் சார் நடத்துற கணக்கு. அது ரெண்டு பீரியட் இருக்கிற அன்னைக்கு அம்மா இடியாப்பம் வெச்சு விடும்." பிறகு, "அந்த ரெண்டு தடவையும் வேணும்னுதான் சொன்னேன். மூணாவது சொல்லப் பயமா இருந்துச்சு. அம்மா வரிசையில நின்னு வாங்குன சீட்டாச்சே" என்றாள்.

கமர்ஜஹான் இறந்த பிறகு பாரூக் மகளுக்குத் தினமும் டிபனில் வைத்துவிட்டது ஷாஹி தம் பிரியாணி. டப்பா பாதி மீந்து வந்துகொண்டிருந்தது. வேலைக்காரம்மா அதைக் கழுவிவிடுவாள்.

அவர் மைக்குக்குத் திரும்பி வந்தார். சொன்னார்.

"கணக்கு."

கூடம் திகைத்தது. தேவதர்ஷினி பேனாவைத் தவறவிட்டார்.

"கணக்கு" என்றார் இரண்டாம் முறை. பெயர் சூட்டும்போது மூன்று முறை சொல்ல வேண்டும் என்பது நினைவு வந்து, "கணக்கு" என்று இன்னொரு முறையும் சொன்னார். "எம்மகளுக்குப் புடிச்சது கணக்கு. இன்னொண்ணும் சொல்லிர்றேன் சார். இந்தப் பேர் வைக்கிற யோசனை தியானத்துல வந்ததில்ல. எங்கடையில நான் சொன்னது. சோறு விக்கிறதுக்குச் சொன்னத நீங்க புள்ளைக தலையில வெச்சுட்டீங்க. அன்னைக்கே எம்பொண்டாட்டி கேட்டா, நான் காதுல வாங்கல. எல்லாரும் என்னைய மன்னிச்சுருங்க."

"பாய், ஒக்காருங்க" என்றார் சோலைமுத்து, மைக்கைக் கையால் மூடி. மூடியது சரியாகப் படாததால் எல்லோருக்கும் கேட்டது. "அது தியானத்துல வந்ததுதான். தியானத்துக்கு முன்னாடி உங்க கடையில சாப்ட்டேன், அம்புட்டுத்தான்."

ஈரமான டவுசரோடு அன்று பிள்ளையைத் தூக்கிப் போனவளும் கூடத்தில் இருந்தாள். அவள் பாரூக்கைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் ஃபாயிஸா ஷெட்டுக்குப் போனாள். கமர்ஜஹான் வாங்கிய இடம் போனதுதான், அதில் மாற்றமில்லை. பாரூக் அதை நினைக்காத நாளுமில்லை. காலையில் எழுந்து, "இன்னைக்கு ரெண்டு பீரியடா?" என்று கேட்டு இடியாப்பம் பிழிந்து வைத்தார். ஐந்நூறு பேர் பந்திக்கு ஆக்கியவர் பிழிந்த இடியாப்பம் கட்டி கட்டியாக வந்தது. "அம்மாது மாதிரி இல்ல" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டாள். டப்பா காலியாக வந்தது.

ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டில் வெயில் கொளுத்தியது. ஆனால் அங்கே பின்னம் நடந்தது. பின்னத்துக்குப் பிறகு தசமம். கழிப்பறைக்கு ஒரு விரலைக் காட்டினால் போதும். காலாண்டுப் பரீட்சைக்குப் பிறகு மேல்மாடி வகுப்புப் பெற்றோர்கள் சிலர் அலுவலகத்துக்கு வந்து, அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, தங்கள் பிள்ளையும் இரண்டொரு பொதுப்பெயர் சொல்லிவிட்டதாகப் புகார் கொடுக்கத் தொடங்கினார்கள். ஒருவர் தன் மகன் மூன்று முறையும் சொன்னதற்கு வீடியோவே வைத்திருந்தார்.

பத்து நாள் கழித்து சோலைமுத்து கடைக்கு வந்தார். மேடையில் நடந்தது எதுவும் நடக்காத மாதிரி கை கழுவிவிட்டு உட்கார்ந்தார்.

"பாய், உங்க வாய் முகூர்த்தம், பொதுப் பிரிவுக்கு ஏகப்பட்ட கிராக்கி. ஷெட்டை இடிச்சுட்டு ஏசி போட்டுத் தனி பிளாக்கா கட்டப் போறேன். 'வெறும் கணக்கு, வெறும் அறிவியல்.' அதான் அங்க விசேஷம். ஆனா பிளாக்குக்கு ஒரு பேர் வேணும்ல? நீங்கதான் ராசியான ஆளு."

பாரூக் கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு நின்றார்.

"யோசிக்கிறீங்க. சரி, நானே சொல்றேன். உங்க மிஸ்ஸஸ் ஞாபகமா அவங்க பேரையே வெச்சுருவோம். கேட்டுக்கு மேல பித்தளையில பெரிய எழுத்து. பாப்பா தெனமும் அதுக்குக் கீழதான் உள்ள போகும். எப்படி?"

பார்சல் கட்டுகிற இடத்தில் இப்போது நுஸைபா என்ற பெண் வேலைக்கு இருந்தாள். அவள் நூல் சுற்றுவதை பாரூக் பார்த்தார். பித்தளையில் பெரிய எழுத்து. அந்தப் பள்ளிக்கூடத்தில் கமர்ஜஹானின் பெயர் எங்கேயும் இல்லை. அது இப்போது கேட்டுக்கு மேல் வரும். ஒரு நிமிஷம், சரி என்று சொல்லத்தான் இருந்தார்.

சோலைமுத்து தட்டை இழுத்து வைத்துக்கொண்டார். "கம்ப்யூட்டர்ல பார்த்தேன் பாய், 'மதர், லேட்'னு மட்டும்தான் இருக்கு. ஆமா, அவங்க பேர் என்ன?"

பாரூக் வாயைத் திறந்தார். பெயர் மறக்கவில்லை, அந்தப் பித்தளைக்குக் கொடுக்கத்தான் மனம் வரவில்லை. வாயை மூடிக்கொண்டார்.

"என்ன பாய், பேரைக் கேட்டா பேச மாட்டேங்குறீங்க?"

பாரூக் ஒரு கரண்டி சோற்றை அள்ளி அவர் தட்டில் வைத்தார். ஒன்றும் சொல்லாமல் நின்றால் அந்தப் பள்ளிக்கூடத்தின் சட்டப்படி தண்டனை எதுவும் கிடையாது.